ஏசியை நிறுத்துவது யார்?

ஏசி நின்று நின்று ஓடுவது கோளாறு இல்லை. அப்படி ஓடும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ரிமோட்டில் 24 வைத்தால், அறை அந்தக் குளிருக்கு வந்ததும் வெளியே மாட்டியிருக்கும் கம்ப்ரசர் ஓய்ந்துவிடும். அறை ஓரிரு டிகிரி சூடானதும் மறுபடி கிளம்பும். 'கட் ஆஃப் ஆகுது' என்று வீட்டில் சொல்வது இதைத்தான். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி, கொஞ்சம் ஓய்ந்து, மணிக்கு இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நிமிடம் ஓடி நின்று, மூன்று நிமிடத்தில் கிளம்பி, திரும்பவும் இரண்டே நிமிடத்தில் நின்றால் கவனிக்க வேண்டும்.

மே மாதத்துச் சென்னையில் இப்படி ஒன்று நடந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டால், பாதி நேரம் முதலில் காதில் விழுவது 'கேஸ் இல்ல சார், போடணும்'. கேஸ் குறைந்த ஏசி பெரும்பாலும் வேறு மாதிரி நடந்துகொள்ளும்: நிற்காமல் ஓடும், அறை மட்டும் குளிராது. அடிக்கடி நிற்கும் ஏசிக்குக் கேஸ் போடுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கம்ப்ரசரை நிறுத்தியது யார்? சாதாரண ஸ்பிளிட் ஏசியில் அதற்கு அதிகாரம் உள்ளவர்கள் மூன்றே பேர்: மின்சாரம் கொடுக்கும் ஸ்டெபிலைசர், இன்டோருக்குள் இருக்கும் பிசிபி போர்டு, கம்ப்ரசரின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும் ஓவர்லோடு.

நிற்பதைவிடத் திரும்பக் கிளம்புவதுதான் கம்ப்ரசருக்குப் பெரிய பாடு. ஏசிக்குள் சுற்றும் கேஸ் மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் சரக்கு. இப்போது பரவலாக வரும் ஆர்-32, சாதாரணக் காற்றழுத்தத்தில் வைத்தால் மைனஸ் 52 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். இன்டோர் காயிலுக்குள் அது ஆவியாகும்போது அறையின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை இழுத்து அமுக்குகிறது. அமுங்கிய கேஸ் வெளிக்காற்றைவிடச் சூடாகிவிடுவதால், 40 டிகிரி வெயிலிலும் அவுட்டோர் காயில் வழியே தன் சூட்டை வெளியே தள்ள முடிகிறது. பிறகு அது திரவமாகி, ஊசி போன்ற கேப்பிலரிக் குழாய் வழியாகப் பிதுங்கி, அழுத்தம் குறைந்து, மறுபடி குளிர்கிறது. ஆக, ஓடும்போது கம்ப்ரசருக்கு ஒரு பக்கம் அதிக அழுத்தம், மறுபக்கம் குறைந்த அழுத்தம். நின்ற பிறகு இந்த இரண்டும் அந்தச் சின்னக் குழாய் வழியாகக் கசிந்து சமனாவதற்குச் சுமார் மூன்று நிமிடம் பிடிக்கும். அதற்குள் மோட்டாரைக் கிளப்பினால், பாரம் ஏற்றிய தள்ளுவண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு அங்கிருந்தே தள்ளிக் கிளப்பச் சொல்வது போல ஆகும்.

சாதாரண ஏசியின் மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து முதல் எட்டு மடங்கு மின்சாரம் இழுக்கும். ஒன்றரை டன் ஏசி ஓடும்போது 7, 8 ஆம்பியர் என்றால், கிளம்பும் நொடியில் 40 ஆம்பியரைத் தாண்டலாம். ட்யூப்லைட் ஒரு கணம் மங்குவது அதனால்தான். ஒவ்வொரு கிளம்பலிலும் மோட்டாரின் காப்பர் சுற்று சூடாகிறது. கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெயில் கொஞ்சம் கேஸோடு சேர்ந்து பைப்புக்குள் போய்விடுகிறது. அது சுற்றித் திரும்ப சில நிமிடமாவது ஓடவேண்டும். இரண்டு நிமிட ஓட்டத்தில் எண்ணெய் போகும், திரும்பாது. ரிமோட்டை அணைத்து உடனே போட்டால் ஏசி மூன்று நிமிடம் மௌனமாக இருப்பது பழுதில்லை, கம்ப்ரசரைக் காப்பாற்ற போர்டு எடுத்துக்கொள்ளும் அவகாசம்.

சரி, யார் நிறுத்துகிறார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி எதுவும் வேண்டாம். கம்ப்ரசர் நிற்கும் நேரத்தில் அவுட்டோர் பக்கத்தில் போய் நில்லுங்கள். இன்னொருவர் உள்ளே இன்டோரின் விளக்கைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்டோரின் விளக்கும் சேர்ந்து அணைந்தால் ஏசியை விட்டுவிடுங்கள். வீட்டு மின்சாரமோ ஸ்டெபிலைசரோதான் காரணம். சாயங்காலம் தெரு முழுக்க ஏசி போட்டதும் வோல்டேஜ் இறங்கும். எல்லைக்குக் கீழே போனதும் ஸ்டெபிலைசர் 'டக்'கென்று துண்டித்துவிட்டு, சில நிமிடம் பொறுத்துத் திரும்பக் கொடுக்கும். கம்ப்ரசர் கிளம்பியதும் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்க, மறுபடி டக். ஸ்டெபிலைசரில் எண் காட்டும் திரை இருந்தால், கிளம்பும் நொடியில் எண் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். நிறைய விழுந்தால் ஏசி பிளக்கையும் சாக்கெட்டையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டவேண்டும். லூஸ் கனெக்‌ஷனில் சாக்கெட் பழுப்பேறிக் கருகியிருப்பது அடிக்கடி பார்க்கக்கூடியது.

விளக்கு எரிகிறது, உள்ளே காற்று வருகிறது, ஆனால் வெளியே ஃபேனும் கம்ப்ரசரும் ஒன்றாக நின்றுவிட்டன என்றால், உத்தரவு போர்டிடமிருந்து வந்திருக்கிறது. போர்டு தன்னிஷ்டத்துக்கு முடிவெடுப்பதில்லை. அதற்கு இரண்டு சென்சர்கள் சேதி சொல்கின்றன. ஒன்று ஃபில்டருக்குப் பின்னால், உள்ளே போகும் காற்றின் சூட்டைப் பார்ப்பது. இன்னொன்று காயிலின் செம்புக் குழாயில் செருகியிருப்பது. முதல் சென்சர் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள்: அது பார்ப்பது உங்கள் கட்டில் பக்கத்துச் சூட்டை அல்ல, ஏசியின் வாய்க்குள் நுழையும் காற்றை. எதிரே உயரமான பீரோ இருந்தாலோ, திரை மறைத்தாலோ, லாஃப்ட்டுக்கு அடியில் நெருக்கி மாட்டியிருந்தாலோ, வெளியே விட்ட குளிர்காற்றே சுருண்டு திரும்பி மேலே நுழைந்துவிடும். அறை குளிர்ந்துவிட்டது என்று சென்சர் நம்பிவிடும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு வேர்க்கும், ஏசியோ வேலை முடிந்தது என்று ஓய்வெடுக்கும். இதற்கு 16 வைத்தால் கட் ஆஃப் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கரண்ட் பில்லும் ஏறும். இந்தியாவில் நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கவேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதி இருக்கிறது. அதைத் தினமும் 16-க்கு இறக்குவதைவிட பீரோவை நகர்த்துவது நல்லது.

இரண்டாவது சென்சர் சொல்லும் சேதி பெரும்பாலும் பனிக்கட்டி பற்றியது. ஃபில்டரில் தூசு படிந்து காற்றோட்டம் குறைந்தால், காயிலுக்குச் சூடு போதாமல் அது பூஜ்யத்துக்குக் கீழே போய், மேலே ஈரம் உறைய ஆரம்பிக்கும். போர்டு கம்ப்ரசரை நிறுத்தும், பனி உருகும், மறுபடி ஓடும், மறுபடி உறையும். உருகிய நீர் தட்டு தாங்காமல் சுவரில் வழிவதும் உண்டு. முன்மூடியைத் தூக்கினால் வெள்ளையாகப் பனி தெரியும். கத்தியால் சுரண்டக்கூடாது, காயில் ஓட்டையாகிவிடும். ஃபேன் மட்டும் ஓடும் நிலையில் ஒரு மணி நேரம் விட்டு, ஃபில்டர் வலையைக் குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவினால் இந்தத் தொல்லையின் பெரும்பகுதி வராது.

பனியும் இல்லை, காற்றும் தடையில்லை, ஆனாலும் சட்டென்று குளிர்ந்து நிற்கிறது என்றால் ஏசி அறைக்குப் பெரிதாக இருக்கலாம். ஒரு டன் ஏசி மணிக்கு 12,000 பிடியு சூட்டை வெளியேற்றும். 907 கிலோ ஐஸ் ஒரு நாளில் உருகும்போது உறிஞ்சும் சூட்டுக்கு அது சமம். பத்துக்குப் பத்து அறைக்கு மொட்டை மாடியின் கீழே இருந்தாலொழிய ஒரு டன் போதும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டு டன் மாட்டினால் சூடு நிமிடங்களில் இறங்கிவிடும், ஈரம் இறங்காது. வில்லிஸ் கேரியர் 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக முதல் நவீன ஏசியை வடிவமைத்ததே ஈரத்துக்காகத்தான். சாக்கெட்–வில்ஹெம்ஸ் என்ற அந்த அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் நீண்டும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. ஈரத்தை இழுக்க நேரம் வேண்டும். கிளம்பிய முதல் சில நிமிடத்தில் காயில் குளிர்ந்து நனைய மட்டும்தான் செய்யும். அதன் பிறகே வெளிக்குழாயில் தண்ணீர் சொட்டும். அதற்குள் நிறுத்திவிட்டால், உள்ஃபேன் நனைந்த காயில்மேல் காற்றை ஊதி அந்த ஈரத்தை அறைக்கே திருப்பித் தந்துவிடும். கடற்கரையோரச் சென்னையில் இப்படிப்பட்ட அறையில் 23 டிகிரியிலும் போர்வை பிசுபிசுக்கும். இதற்கு ரிப்பேர் கிடையாது. அடுத்த முறை சின்னதாக வாங்கவேண்டும்.

மூன்றாவது நிலைமை கொஞ்சம் சீரியஸ். அவுட்டோரின் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கம்ப்ரசரின் உறுமல் மட்டும் நின்றுவிட்டது. போர்டு நிறுத்தியிருந்தால் ஃபேனும் நின்றிருக்கும். இங்கே ஓவர்லோடு துண்டித்திருக்கிறது. இரண்டு உலோகங்களை ஒட்டிய சின்னத் தகடு அது. சூடோ மின்சாரமோ எல்லை மீறினால் வளைந்து இணைப்பைப் பிரித்துவிடும், ஆறினால் திரும்பச் சேரும். கம்ப்ரசர் நன்றாகச் சூடாகியிருந்தால் ஆற அரைமணி நேரம்கூட ஆகலாம்.

காரணத்தை அவுட்டோர் வைத்த இடத்திலிருந்தே தேடத் தொடங்கலாம். அடுக்குமாடிகளில் நாலைந்து அவுட்டோர்களை ஒரே டக்ட்டுக்குள் அடுக்கி, ஒன்றின் வெப்பக்காற்றை மற்றொன்று மூச்சிழுக்க வைத்திருப்பார்கள். பின்பக்கத் தகடுகளில் தூசும் புறாச் சிறகும் கம்பளி போல அப்பியிருக்கும். சூடு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏற ஏற மோட்டார் திணறும். தூசுதான் காரணம் என்றால் வாட்டர் சர்வீஸ் செய்தால் தீரும். ஃபேனே சுற்றாமல் கம்ப்ரசர் மட்டும் உறுமினாலும் இதே கதிதான், உடனே அணைத்துவிடவேண்டும்.

இடமும் காயிலும் சுத்தமாக இருந்து, கிளம்பும் நேரத்தில் 'ம்ம்ம்' என்று சில நொடி முனகிவிட்டு 'டிக்' என்று அடங்கினால், மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம். ஒன்றரை டன் கம்ப்ரசருக்கு 35 முதல் 50 மைக்ரோஃபாரட் வரை இருக்கும்; சரியான அளவு அதன்மேலேயே எழுதியிருக்கும். பழையதாகும்போது அளவு குறைந்து, தலை உப்பிவிடும். மொத்தப் பழுதிலும் மலிவானது இதுதான், ஆனால் நாமே கை வைக்கக்கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், தொட்டால் அடிக்கும்.

கேஸ் விஷயத்துக்கு இப்போது வரலாம். கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, குறைந்தால் எங்கோ கசிகிறது. கேஸ் வெகுவாகக் குறைந்தால் கம்ப்ரசரைக் குளிர்விக்க ஆளில்லாமல் அதுவும் சூடேறி ஓவர்லோடில் நிற்கும். அவுட்டோரின் பக்கவாட்டில் இரண்டு பித்தளை நட்டுகள் தெரியும். ஓடும்போது தடித்த பைப்பின் நட்டு சில்லென்று வேர்த்திருந்தால் பெரும்பாலும் கேஸ் சரியாக இருக்கிறது. மெல்லிய பைப்பின் நட்டில் வெள்ளையாகப் பனி பூத்து, தடித்தது காய்ந்து கிடந்தால் குறைவு. அப்போதும் வெறுமனே கேஸ் போட்டுவிட்டுப் போகவிடக்கூடாது. நைட்ரஜன் அடித்து, சோப்பு நுரை தடவிக் கசிவைப் பிடித்து, அடைத்து, வாக்வம் பம்ப் வைத்துக் காற்றை எடுத்த பிறகு, அவுட்டோர் லேபிளில் போட்டிருக்கும் கிராம் கணக்கை எடைத் தராசில் நிறுத்துப் போடவேண்டும். கண்ணால் பார்த்து அதிகமாக ஏற்றினால் அழுத்தம் கூடி, எந்தக் குறைக்காகக் கூப்பிட்டோமோ அதே குறை திரும்ப வரும். ஆர்-32 தீப்பற்றக்கூடியது என்பதால், குழாயில் கேஸ் இருக்கும்போது பற்றவைக்கவும் விடக்கூடாது.

மேலே சொன்ன ஃபேன் சோதனை பழைய ரக, ஒரே வேகத்தில் ஓடும் ஏசிகளுக்கு. இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்ததும் நிற்பதற்குப் பதில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைக்கவும் ஓர் எல்லை உண்டு. அறைக்கு மிகப் பெரிதான இன்வெர்ட்டரும் நின்று நின்றுதான் ஓடும். கோளாறால் நின்றால் பெரும்பாலான மாடல்களில் திரையில் ஓர் எழுத்தும் எண்ணும் வரும், அல்லது விளக்கு கணக்காகச் சிமிட்டும். மெயின் ஸ்விட்சை அணைத்துப் போடுவதற்கு முன் அதை ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். பல மாடல்களில் அணைத்ததும் அது மறைந்துவிடும், மெக்கானிக் வரும் நேரத்தில் ஏசியும் ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும்.