எடை சரி, இடுப்பு சரியோ?

நாற்பது வயதைத் தாண்டின எங்கட ஆக்கள் கலியாண வீட்டில சந்திச்சால் முதல் வாற கதை: "என்ன, கொஞ்சம் உடம்பு வைச்சிட்டுது போல?" சிரிச்சுக்கொண்டே கடந்துபோறம். ஆனால் உடம்பு எவ்வளவு வைச்சால் ஆபத்து என்பது எல்லா இனத்தவருக்கும் ஒன்றல்ல.

இதற்குச் சான்று எங்கட ஒன்ராறியோவிலேயே இருக்கிறது. இங்கு வாழும் ஏறக்குறைய 60,000 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 30 உள்ள வெள்ளையருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு எவ்வளவோ, அதே வாய்ப்பு தெற்காசியருக்கு 24இலேயே வந்துவிடுகிறது. வழக்கமான அட்டவணையில் 24 என்றால் "சரியான எடை"!

காரணம், எங்கட உடம்பில் தசை குறைவு, கொழுப்பு கூட. அதுவும் வயிற்றைச் சுற்றித்தான் சேரும். அதனால்தான் தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்று வைத்திருக்கிறார்கள். கனடாவில் பொதுவாகச் சொல்லப்படும் 88, 102 எங்களுக்குப் பொருந்தாது.

இதில் ஆண், பெண் வித்தியாசமும் உண்டு. கனடாவில் அதிக எடை ஆண்களிடம்தான் கூட. தமிழ்நாட்டில் நிலைமை மறுபக்கம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, அங்கு 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை உள்ளவர்கள். முழு இந்தியாவிலும் பெண்களில் இது 24 சதவீதம்தான். இலங்கையிலும் பெண்களுக்கே கூட.

இங்க வந்தால் மாறிவிடுமா? விட்பியில் ஒரு அம்மாவின் நாளைப் பாருங்கோ. காலையில் கோ ரயில் அல்லது 401, பின்னேரம் பிள்ளையின் நீச்சலும் தமிழ் வகுப்பும். பிள்ளை ஓடியாடும், அம்மா காருக்குள் இருப்பா. இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை விட்ட மிச்சத்தையும் சேர்த்துச் சாப்பாடு. அப்பாமாருக்கு வார இறுதி விருந்தில் ரோல்ஸும் கொத்து ரொட்டியும். ஆனால் வீட்டில் எல்லாரையும் டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போற அம்மா, தன்னைக் காட்டுவது கடைசியில்தான்.

செய்யக்கூடியவை சில:

அளவு நாடாவை எடுங்கோ. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளவுங்கோ. காற்சட்டை சைஸை நம்பாதேங்கோ.

கனடாவில் 40 வயதிலிருந்து மூன்று ஆண்டுக்கொருமுறை சர்க்கரைப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். தெற்காசியர் ஆபத்துக் கூடிய பிரிவு. அதனால் 40 வரை காத்திராமல் குடும்ப டொக்டரிடம் கேளுங்கோ. கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்த பெண்கள் கட்டாயம் கேட்கவேணும்.

புட்டையோ சோற்றையோ விடத் தேவையில்லை. தட்டில் அது கால்வாசி, மரக்கறி அரைவாசி, மீதி மீன், முட்டை, பருப்பு.

வாரத்துக்கு 150 நிமிட நடை வேணும். பனிக்காலத்தில் விட்பி அபிலிட்டீஸ் சென்ரரின் உள்ளக ஓடுபாதை உதவும். பிள்ளையின் வகுப்பு நேரம்தான் உங்கட நடை நேரம்.

இந்த ஞாயிறு இரண்டு பேரும் அளந்து எழுதி வையுங்கோ. கணவர் அளந்துவிட்டு நாடாவைச் சுருட்டி வைக்காமல், மனைவியின் கையில் குடுக்கட்டும்.