சோறும் சாட்சி சொல்லும்

தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு தாளுக்கு நடுவே உளுந்து தலைகாட்டும். தண்ணீர் பாய்ச்சாமல் பனி ஈரத்திலேயே வளர்ந்து காய்த்துவிடும். அந்த நெல்லும் உளுந்தும்தான் டெல்டாவின் இட்லி. அந்த இட்லியைத் தின்று வளர்ந்த ஒருவர் குத்துச்சண்டை மேடை ஏறுகிறார், அவர் ஊக்கமருந்து போட்டிருக்கிறார் என்று யாரோ சொல்கிறார்கள் என்று வையுங்கள். ஆய்வகம் அவருடைய சிறுநீரில் தேடும் சாட்சிகளில் அவர் தின்ற சோறும் ஒன்று.

இந்த அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்க வேண்டிய விஷயத்தைச் சிலர் ஒரு பேட்டியில் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னது நீதிமன்றம் வரை போனதற்கு, தொழில்முறைக் குத்துச்சண்டையில் பெரிய உதாரணம் மேனி பாக்கியாவ் வழக்கு.

பாக்கியாவ் பிலிப்பைன்ஸ்காரர்; அதுவும் சோறு தின்கிற நாடு. 2010 மார்ச் 13 அன்று அவரும் அமெரிக்காவின் ஃப்ளாய்ட் மேவெதரும் மோதுவதாகப் பேச்சு நடந்தது. ஒலிம்பிக் பாணியில், முன்னறிவிப்பு இல்லாமல் எந்த நாளும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றது மேவெதர் தரப்பு. சண்டை நெருங்கும்போது ரத்தம் எடுத்தால் உடல் தளர்ந்துவிடும் என்றது பாக்கியாவ் தரப்பு. கடைசி 24 நாட்களில் ரத்தம் எடுக்கக்கூடாது என்று ஒருவர், 14 நாள் வேண்டுமானால் விடலாம் என்று மற்றவர். பேச்சு முறிந்தது. இதற்கிடையே மேவெதரும் அவருடைய தந்தையும் சித்தப்பா ரோஜரும், பாக்கியாவின் பலத்துக்குப் பின்னால் மருந்து இருக்கிறது என்ற பொருள்படப் பேசினார்கள். எந்தச் சோதனையிலும் அதுவரை சிக்காத பாக்கியாவ், 2009 டிசம்பர் 30 அன்று லாஸ் வேகாஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தார்.

24 நாளா, 14 நாளா என்பது வெறும் வீம்பு போலத் தோன்றும். உண்மையில் இந்தத் தகராறின் அறிவியல் அதற்குள்தான் இருக்கிறது. ஊக்கமருந்தாகப் பயன்படும் வளர்ச்சி ஹார்மோனை ஊசியாகப் போட்டால் ரத்தத்தில் அதன் அடையாளம் ஓரிரு நாளில் மறைந்துவிடும். அப்படியானால், ரத்தம் எடுக்கவே மாட்டார்கள் என்று முன்கூட்டித் தெரிந்த இரண்டு, மூன்று வாரம் ஏமாற்ற நினைப்பவருக்குத் திறந்த வாசல். அந்த ஹார்மோனுக்கான ரத்தச் சோதனை 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே வந்துவிட்டது. ஆனால் பாக்கியாவ் வழக்குப் போட்ட நாள்வரை உலகில் ஒருவர்கூட அதில் பிடிபட்டதாக அறிவிக்கப்படவில்லை. முதலில் பிடிபட்டவர் ஒரு பிரிட்டிஷ் ரக்பி வீரர்; அதுவும் 2010 பிப்ரவரியில்தான் வெளியே தெரிந்தது.

ஆக, ‘சோதனையில் ஒன்றும் இல்லை’ என்பதால் ஒருவர் சுத்தம் என்று நிரூபணமாகிவிடாது. சோதனை மருந்தைக் காட்டும்; மருந்தே இல்லை என்று சான்றிதழ் தராது. அவதூறுக்கு ஆளான விளையாட்டு வீரரின் பாடு இங்கேதான் கொடுமையாகிறது. அமெரிக்கச் சட்டத்தில் அவர் தலையில் இன்னொரு சுமையும் உண்டு. புகழ்பெற்றவர் வழக்குப் போட்டால், சொன்னது பொய் என்று காட்டினால் மட்டும் போதாது. பொய் என்று தெரிந்தே சொன்னார், அல்லது உண்மையா பொய்யா என்ற கவலையே இல்லாமல் சொன்னார் என்றும் காட்ட வேண்டும். 1964-ஆம் ஆண்டின் ‘நியூயார்க் டைம்ஸ்’ தீர்ப்பு அரசு அதிகாரிகள் விஷயத்தில் வகுத்து, பின்னர் புகழ்பெற்றவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட விதி அது. அந்தத் தீர்ப்பின் வாதத்தை நம் உச்ச நீதிமன்றம் அரசு அதிகாரிகள் விஷயத்தில் எடுத்தாண்டது 1994-இல், நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் தமிழக அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில்.

சரி, ஸ்டீராய்டு போட்டவரை ஆய்வகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? டெஸ்டோஸ்டிரோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் எல்லோர் உடம்பிலும் ஊறுவது. வெளியிலிருந்து ஏற்றியதும் அதே மூலக்கூறுதான். ஜெர்மனியின் கொலோன் நகரத்து விஞ்ஞானி மான்ஃப்ரெட் டோனிக்கே 1980-களில் ஒரு வழி சொன்னார். டெஸ்டோஸ்டிரோனோடு எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னொன்றும் சிறுநீரில் வரும். பெரும்பாலோருக்கு இரண்டும் ஏறத்தாழச் சமம். ஊசி போட்டால் முதலாவது மட்டும் எகிறும். இந்த விகிதம் 4-ஐத் தாண்டினால் சந்தேகம் எழும்.

இதிலும் ஓட்டை இருந்தது. டெஸ்டோஸ்டிரோனைச் சிறுநீர் வழியே வெளியேற்ற உதவும் UGT2B17 என்ற மரபணு சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது. கிழக்கு ஆசியர்களிடம் இந்தக் குறை மிக அதிகம். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மரபணு இல்லாத ஆண்கள் பலர் ஊசி போட்ட பிறகும் அந்த 4-ஐத் தொடவே இல்லை. எல்லோருக்கும் ஒரே கோடு கிழித்தால் ஒருவர் தப்புவார், இன்னொருவர் அநியாயமாக மாட்டுவார். இப்போது ஒவ்வொரு வீரரின் அளவுகளையும் ஆண்டுக்கணக்கில் பதிந்து, அவரை அவரோடே ஒப்பிடுகிறார்கள்.

அதற்கும் மேலே இருக்கிறது கார்பன் சோதனை. சோறு வருவது இங்கேதான். இயற்கையில் உள்ள கார்பனில் சுமார் 1.1 சதவீதம் கார்பன்-13. சாதாரணக் கார்பனைவிடக் கொஞ்சம் கனமானது. நெல், உளுந்து, தென்னை, வாழை, நிலக்கடலை எல்லாம் ஒளிச்சேர்க்கையில் இந்தக் கனமான கார்பனை ஒதுக்கித் தள்ளும் வகை. கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு வேறு வகை. அவை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. உலகப் பொது அளவுகோலோடு ஒப்பிட்டால் நெல்லில் கார்பன்-13 ஆயிரத்துக்குச் சுமார் 27 பங்கு குறைவு, கரும்பில் சுமார் 12 பங்குதான். தின்றதுதான் உடம்பு. சோறும் இட்லியும் தேங்காயும், வைக்கோல் தின்ற மாட்டின் பாலும் சாப்பிடும் கும்பகோணத்துக்காரரின் ஹார்மோனில் கார்பன்-13 குறைவாக இருக்கும். மக்காச்சோளத்தில் வளர்ந்த இறைச்சியையும் அதன் பாகில் செய்த பானங்களையும் உண்ணும் அமெரிக்கருக்குக் கூடுதலாக இருக்கும்.

தொழிற்சாலை டெஸ்டோஸ்டிரோனைப் பெரும்பாலும் சோயாவிலிருந்தோ ஒருவகைக் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்தோ எடுக்கிறார்கள். இரண்டும் நெல்லின் வகை. அமெரிக்கரின் உடம்பில் இது ஏறினால் பளிச்சென்று தெரிந்துவிடும். சோறு தின்பவரிடம் அந்த இடைவெளி குறுகல். அதனால் வெறும் எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. அதே மனிதரின் சிறுநீரில், ஊசியால் மாறாத பிரெக்னேன்டையால் போன்ற வேறொரு ஸ்டீராய்டை எடுத்து அதன் கார்பனையும் அளக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே ஆயிரத்துக்கு 3 பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் வெளியிலிருந்து வந்தது என்பார்கள். உடம்பின் கார்பனோடு ஒத்துப்போகிற தயாரிப்புகளும் சந்தையில் உண்டு. அங்கே இந்தச் சோதனையும் திணறும்.

நெல்லின் இந்தக் குணத்தைத் திருட்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். தேனில் கரும்பு, மக்காச்சோளப் பாகு கலந்தால் கார்பன் சோதனையில் சிக்கும். அதற்குத் தப்பிக்கும் பாகுகள் இந்தியாவில் விற்பனையாவதை டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-இல் அம்பலப்படுத்தியது; அரிசிப் பாகும் அந்த ரகம்தான். விளையாட்டில் இந்தச் சோதனையில் மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. அமெரிக்க ஓட்டக்காரி ஷெல்பி ஹூலிஹான் தன் சிறுநீரில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் வந்ததற்குப் பன்றி இறைச்சிதான் காரணம் என்றார். மக்காச்சோளம் தின்னும் பன்றியிலிருந்து வந்திருக்க வேண்டிய கார்பன் விகிதம் அவருடைய மாதிரியில் இல்லை. 2021-இல் விளையாட்டுத் தீர்ப்பாயம் நான்காண்டுத் தடை விதித்தது.

பாக்கியாவ் வழக்கு மூன்றாண்டு நெருங்க இழுத்தது. வாக்குமூலம் தர வராததற்காக, எதிர்த் தரப்பின் வக்கீல் செலவாகச் சுமார் 1,14,000 டாலர் கட்டும்படி மேவெதருக்கு உத்தரவானது. 2012 செப்டம்பரில் சமரசம். பாக்கியாவ் மருந்து எடுத்ததாகச் சொல்லும் எண்ணம் தங்களுக்கு இருந்ததில்லை, அதற்கு ஆதாரம் எதுவும் தெரியாது என்று மேவெதர் தரப்பு அறிக்கை விட்டது. 2015 மே 2 அன்று இருவரும் ஒருவழியாக மோதினார்கள், மேவெதர் வென்றார்.

வழக்குப் போட்டவர்கள் எல்லோரும் நிரபராதி என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஷேன் மோஸ்லி, தான் தெரிந்தே மருந்து எடுத்ததாகச் சொன்னதற்காக, வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த பால்கோ நிறுவனத்தின் விக்டர் கான்டே மீது 2008-இல் வழக்குத் தொடுத்தார். மருந்து எடுத்ததை மோஸ்லி மறுக்கவில்லை; என்னவென்று தெரியாமல் எடுத்தேன் என்பதே அவர் வாதம். அவருடைய பழைய சாட்சியம் வெளியே வந்து அவருக்கே எதிராக நின்றது. வழக்கைக் கைவிட்டார்.

நம் பக்கத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். திருச்சி அருகே முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹாவில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடி ஆசியத் தங்கம் வென்றார். பின்னர் மாதிரிகளில் நான்ட்ரோலோன் தடயம் இருப்பதாக முடிவு வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் அவர். நான்காண்டுத் தடை, பதக்கமும் போயிற்று. தடை விதிக்கப்பட்டது என்று எழுதுவது செய்தி. முடிவு வருமுன்பே ‘திருடி’ என்று எழுதுவது குற்றமாகக்கூட ஆகலாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு பற்றிய 356-ஆம் பிரிவில், சொன்னது உண்மை என்றால் மட்டும் போதாது, பொதுநலனுக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும்.

ஆய்வகமும் தவறும். மணிப்பூரின் பளுதூக்கும் வீராங்கனை சஞ்சிதா சானு டெஸ்டோஸ்டிரோன் எடுத்தார் என்று 2018 மே மாதம் உலகுக்கு அறிவித்தார்கள். அவருக்கு வந்த கடிதங்களில் மாதிரி எண்ணே மாறியிருந்தது. சோதனையில் விதிமீறல் இருந்ததால் 2020-இல் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். பிற்பாடு வேறொரு மருந்துக்காக 2023-இல் அவருக்குத் தடை வந்தது உண்மை. அதனால் முதல் அநியாயம் நியாயமாகிவிடாது.

டெல்டாவிலிருந்து மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போகும் பிள்ளைகளுக்கு சில விஷயங்களைப் பயிற்சியாளர்கள் முதல் நாளே சொல்லித்தர வேண்டும். சிறுநீரை ஏ, பி என இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரையிடும்போது எண்ணைத் தானே படித்து, படிவத்தோடு சரிபார்க்க வேண்டும். சாப்பிட்ட மாத்திரை, புரோட்டீன் பவுடர் எல்லாவற்றையும் படிவத்தில் எழுத வேண்டும். ஏ மாதிரியில் மருந்து என்று வந்தால், பி மாதிரியைத் தன் ஆள் முன்னிலையில் திறக்கக் கேட்கவும், ஆய்வக ஆவணங்களின் நகலைக் கேட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.