குழாய்வழி உணவும் குடும்பத்தின் கடமையும்

உணவூட்டல் அன்பின் முதற்செயல். பிறந்த மகவுக்குத் தாய் பாலூட்டுகிறாள். தளர்ந்த தந்தைக்கு மகள் கஞ்சி புகட்டுகிறாள். ஆதலின், மீளா நிலையிலுள்ள ஒருவருக்குக் குழாய்வழிச் செல்லும் உணவை நிறுத்துவது பற்றி மருத்துவர் பேசத் தொடங்கியதும் குடும்பத்தார் உள்ளம் நடுங்குவது இயற்கையே. ‘பட்டினியிட்டுக் கொல்வதா?’ என்னும் வினாவே முதலில் எழும். இவ்வினாவை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்ற அமெரிக்கக் குடும்பம் ஒன்றுண்டு.

விழுங்க இயலாதவர்க்கு நீர்ம உணவு இரு வழிகளில் செலுத்தப்படும். ஒன்று, மூக்கின் வழியே இரைப்பைக்குச் செல்லும் குழாய். இது குறுகிய காலத்திற்கு ஏற்றது. மற்றொன்று, வயிற்றில் துளையிட்டு இரைப்பையில் நேரே பொருத்தப்படுவது. இது நெடுங்காலத்திற்கு உரியது. பக்கவாதத்தால் விழுங்கும் ஆற்றலை இழந்த பலர் இவற்றின் துணையால் தேறி எழுந்துள்ளனர். தேறுவதற்கு வழியே இல்லை என்னும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

1983ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11ஆம் நாள் இரவு, மிசோரி மாநிலத்தில் நான்சி குரூசன் என்னும் 25 வயதுப் பெண் ஓட்டிச் சென்ற கார் கவிழ்ந்தது. அவர் ஒரு பள்ளத்தில் முகங்குப்புறக் கிடந்தார். மூச்சுமில்லை, நெஞ்சத் துடிப்புமில்லை. உதவிக்கு வந்தோர் இரண்டையும் மீட்டனர். ஆயினும் மூளை 12 முதல் 14 நிமிடங்கள் வரை உயிர்வளியின்றி இருந்ததாகக் கணிக்கப்பட்டது. அதன் பின்னர் அவர் கண்கள் திறந்தன. மூச்சு தானே இயங்கியது. தன்னையும் பிறரையும் அறியும் உணர்வு மட்டும் திரும்பவில்லை. அடுத்த திங்களே, மீட்சிக்குத் துணையாகும் என்னும் எண்ணத்தில் அவர் வயிற்றில் உணவுக் குழாய் பொருத்தப்பட்டது.

ஆண்டுகள் சென்றன. மீட்சி இல்லையென்று தெளிந்த பெற்றோர், குழாயை அகற்றுமாறு வேண்டினர். நீதிமன்ற ஆணையின்றி அதைச் செய்ய மருத்துவமனையார் மறுத்தனர். 1988இல் கீழ் நீதிமன்றம் இசைவளித்தது. அதே ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

1990ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வந்தது. தெளிந்த அறிவுடைய ஒருவர்க்கு, உயிர்காக்கும் உணவையும் நீரையும்கூட மறுக்கும் உரிமை உண்டெனக் கொண்டே நீதிமன்றம் வழக்கை ஆராய்ந்தது. ஆயினும், பேச இயலாதவர் சார்பில் பிறர் கேட்கும்போது, அவரது விருப்பத்திற்குத் தெளிவான சான்று வேண்டுமென்று மாநிலம் கோரலாம் என்றும் கூறிற்று. பெற்றோரின் அன்பை எவரும் ஐயுறவில்லை. மகள் என்ன விரும்பினாள் என்பதே கேள்வியாயிற்று. பெற்றோர் தோற்றனர்.

பின்னர், நான்சியுடன் முன்பு பணிபுரிந்தோர் சிலர் முன்வந்து, அத்தகைய நிலையில் வாழ அவர் விரும்பியதில்லை என்பதைக் காட்டும் பேச்சுகளை நினைவுகூர்ந்தனர். கீழ் நீதிமன்றம் மீண்டும் இசைவளித்தது. டிசம்பர் 14ஆம் நாள் குழாய் அகற்றப்பட்டது. 26ஆம் நாள் நான்சி இறந்தார். பிறந்த நாள், விபத்தில் பிரிந்து சென்ற நாள், அமைதியுற்ற நாள் என மூன்று நாட்கள் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளன. குடும்பத்தார் மகளை இழந்தது எந்நாளில் என்பதை அந்நடுநாள் சொல்லும்.

இனி, பட்டினி பற்றிய ஐயம். நோய் முற்றி இறுதியை நெருங்கும் உடலில் பசியும் தாகமும் தாமே குறைகின்றன. அவ்வுடலால் ஏற்க முடியாத உணவும் நீரும் சிலபோது மூச்சுத் திணறலையும் வீக்கத்தையும் தரும். வாய் உலர்தலே பெரிதும் எஞ்சும் துன்பம். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாவையும் நனைத்து அதனைத் தணிக்கலாம். அங்கே உயிரைப் பறிப்பது நோயே. நான்சியின் நிலை இதனின் வேறு. அவர் சாகும் தறுவாயில் இருந்தவரல்லர். குழாய் உணவும் மருத்துவமே என்பார் ஒருசாரார். உணவு எந்நிலையிலும் உணவே என்பார் மறுசாரார். அவர் வழக்கில் இவ்விரு கருத்தும் மோதியதற்கு அதுவே காரணம்.

நாட்டுக்கு நாடு சட்டமும் வேறுபடும். சிங்கப்பூரில் 1996இல் இயற்றப்பட்ட முன்கூட்டிய மருத்துவ ஆணைச் சட்டத்தின்படி, 21 வயது நிறைந்தவர், இறுதிநோயில் உயிரை நீட்டிக்க மட்டுமே உதவும் சிகிச்சை தமக்கு வேண்டாமென்று எழுதி வைக்கலாம். சாட்சிகள் இருவர், அவருள் ஒருவர் மருத்துவர். ஆயினும் தக்க அளவில் உணவும் நீரும் அளித்தலை அச்சட்டம் துயர்தணிக்கும் பராமரிப்பில் சேர்த்துள்ளது. அந்த ஆணை அதனைத் தடுப்பதில்லை.

குரூசன் குடும்பம் ஆண்டுக்கணக்கில் தேடியது மகள் முன்பு பேசிய சில சொற்களையே. நலமாயிருக்கும்போது இறப்பைப் பற்றிப் பேசுவது தீக்குறி என்று பலர் அஞ்சுவர். அவ்வச்சத்தால் சொல்லாமல் விட்ட ஒரு சொல், பின்னாளில் பெற்றோர் மீதும் பிள்ளைகள் மீதும் பெருஞ்சுமையாய் விழுகிறது. அச்சுமையைத் தம்மவர்மேல் ஏற்றாதிருக்க, தம் விருப்பத்தைக் காலத்தே கூறி வைத்தலும் ஓர் அன்புச் செயலே ஆகும்.