தொலைபேசியில் ஒரு கைது

"உம் பெயரால் அனுப்பப்பட்ட பொதியில் போதைப்பொருள் அகப்பட்டது, உம்மைக் கைது செய்துள்ளோம், காமிராவை விட்டு அகலலாகாது" எனப் போலீஸ் உடை தரித்தவன் கைப்பேசித் திரையில் தோன்றி மிரட்டுகின்றான். இதற்கு யார் மயங்குவாரென நாம் நகைத்திருந்தோம். ஆயின் கற்றறிந்த பேராசிரியர்களும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களும் பொருளிழந்தனர். காரணம் அறியாமையன்று, அச்சமே. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதம மந்திரியார் வானொலியில் எடுத்துரைத்தபடி, இத்தகைய கைது இந்தியச் சட்டத்தில் எங்குமில்லை. எவரிடமும் இதனைச் சொல்லலாகாதென அவன் விதிப்பது ஏன்? வீட்டார் ஒருவர் வினவினாலே பொய் வெளிப்பட்டுவிடுமன்றோ! ஆதலின் நாம் பேச்சை உடனே துண்டித்து, அருகிலுள்ளாரிடம் உரைத்தல் வேண்டும். பணம் போயிற்றேல், நாணிக் காலந்தாழ்த்தாது 1930 என்னும் அரசாங்க உதவி எண்ணை அழைக்க; பற்பல கணக்குகளுக்குச் சிதறுமுன்னரே அதனைத் தடுத்து நிறுத்த இயலும்.