பறக்க மறுப்பவருக்கும் ஒரு சங்கம் வேண்டும்

இரவு பத்து மணிக்கு மேல் நம் அறக்கட்டளையின் ஆம்புலன்ஸுக்கு வரும் அழைப்புகளில் 'எப்படியாவது' என்ற சொல் இல்லாத அழைப்பு அரிது. எப்படியாவது மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். எப்படியாவது விடிவதற்குள் சென்னை. கேட்பவர்கள் மீது குறை சொல்வதற்கில்லை, பெற்றவர் மூச்சுத் திணறிக் கிடக்கும்போது வேறு எப்படிக் கேட்பார்கள்? ஆனால் அந்தச் சொல் நேராகப் போய் ஓட்டுநரின் தோளில் உட்காருகிறது. மழையில் சாலை தெரியாவிட்டாலும், அன்று காலை முதல் அவர் வண்டியை விட்டு இறங்காதிருந்தாலும், 'இப்போது வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு வாய் வருவதில்லை.

ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு மாவட்ட அளவில் ஓர் அமைப்பு வேண்டாமா என்ற பேச்சு நம் மருத்துவ உதவிக் குழுவில் சில மாதங்களாக நடந்து வருகிறது. ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் வண்டி வாங்கி விடுவதில் காட்டும் ஆர்வத்தை அதில் வேலை செய்பவர்கள் விஷயத்தில் காட்டுவதில்லை என்பது குழுவில் பலருடைய ஆதங்கம். இத்தகைய அமைப்புகளை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று படிக்கத் தொடங்கியபோது, எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அமெரிக்காவின் ஏர் ஆம்புலன்ஸ் ஊழியர்களின் அனுபவம். நம் ஓட்டுநருக்கு இருக்கும் அதே சிக்கல்தான் அவர்களுக்கும். அங்கே சாலைக்குப் பதில் வானம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை தானே ஹெலிகாப்டர் வைத்து நோயாளிகளை ஏற்றி வரும் முறை 1972இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அது நாடெங்கும் பரவியது. பொதுவாக ஒரு ஹெலிகாப்டரில் மூன்று பேர் இருப்பார்கள்: ஒரு பைலட், ஒரு செவிலியர், ஒரு பாராமெடிக். தனி மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியருக்கு மேலே தலைமைச் செவிலியர் இருப்பார், பக்கத்து வார்டில் டாக்டர் இருப்பார். ஆயிரம் அடி உயரத்தில், நெரிசலான கூட்டுக்குள், இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் வைத்தும் எதுவும் கேட்காத இடத்தில் முடிவெடுக்கும் செவிலியருக்கு யாரும் இல்லை. அந்தத் தனிமைதான் முதலில் அவர்களைக் கூட்டியது. 1980இல் விமான செவிலியர்கள் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார்கள். பிறகு தரைவழி ஆம்புலன்ஸில் தீவிர சிகிச்சை நோயாளிகளைக் கொண்டுசெல்லும் செவிலியர்களையும் சேர்த்துக்கொண்டு சங்கத்தின் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். பாராமெடிக்குகளுக்கும் பைலட்டுகளுக்கும் தனித்தனிச் சங்கங்கள் வந்தன. சேவை நடத்தும் நிறுவனங்களின் சங்கம் வேறு.

இந்தப் பிரிவினை வீண் என்று முதலில் எங்களுக்குத் தோன்றியது. ஒரே ஹெலிகாப்டரில் போகிறவர்களுக்கு எதற்கு இத்தனை சங்கம்? யோசித்தால் காரணம் புரிகிறது. முதலாளி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், 'போன வாரம் மேகம் தாழ்ந்திருந்தும் எங்களை அனுப்பினார்கள்' என்று ஓர் ஊழியர் எழுந்து சொல்ல முடியாது. நிறுவனங்களுக்கும் ஊழியர்களுக்கும் பொதுவான வேலைகள் உண்டு, அவற்றைச் சேர்ந்து செய்யலாம். ஆனால் ஊழியர் மனம்விட்டுப் பேசும் அறைக்கு ஊழியரிடமே சாவி இருக்க வேண்டும்.

அப்படிப் பேச வேண்டியிருந்த விஷயங்களில் முதன்மையானது உயிர்ப்பலி. அமெரிக்க மருத்துவ ஹெலிகாப்டர்களின் வரலாற்றில் 2008 மிகக் கொடிய ஆண்டு. அந்த ஆண்டு செப்டம்பரில் மேரிலாந்து மாநிலத்தில், கார் விபத்தில் அடிபட்ட இரண்டு இளம்பெண்களை ஏற்றி வந்த போலீஸ் ஹெலிகாப்டர் நள்ளிரவை ஒட்டி மோசமான வானிலையில் விழுந்தது. ஐந்து பேரில் ஒரு பெண் மட்டும் பிழைத்தார். காப்பாற்றப் போனவர்கள் நோயாளியோடு சேர்ந்து இறக்கும் சம்பவங்கள் இப்படி அடுத்தடுத்து நடந்தபின், 2009 பிப்ரவரியில் அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நான்கு நாள் பொது விசாரணை நடத்தியது. கட்டாய விதிகள் வர 2014 ஆனது. புறப்படும் முன் ஆபத்தைக் கணக்கிட்டு எழுத வேண்டும், தரையும் தடைகளும் நெருங்கினால் எச்சரிக்கும் கருவி வேண்டும், பத்தோ அதற்கு மேலோ ஹெலிகாப்டர்கள் வைத்திருக்கும் நிறுவனம் தனிக் கட்டுப்பாட்டு அறை வைக்க வேண்டும் என்பவை அவற்றில் சில.

விதி வருவதற்கு முன்பே ஊழியர்களிடம் ஒரு வழக்கம் வேரூன்றியிருந்தது. 'போக மூன்று பேர், மறுக்க ஒருவர்' என்பதே அது. புறப்பட மூவரும் சம்மதிக்க வேண்டும். மூவரில் யார் ஒருவர் வேண்டாம் என்றாலும் பயணம் இல்லை. மூத்தவரா இளையவரா, பைலட்டா பாராமெடிக்கா என்ற கேள்வி கிடையாது. இன்னொரு வழக்கமும் கவனிக்கத்தக்கது. வானிலையைப் பார்த்து 'பறக்கலாம்' அல்லது 'முடியாது' என்று பைலட் முடிவு சொல்லும்வரை நோயாளி யார், என்ன நிலை என்பதை அவரிடம் சொல்லக் கூடாது. ஆறு வயதுக் குழந்தை என்று தெரிந்தால் மேகம் கொஞ்சம் மெல்லியதாகத் தெரியும். மனித மனம் அப்படித்தான்.

எழுத்தில் இருக்கும் வழக்கம் நள்ளிரவில் நிற்குமா? ஒரு நிறுவனம் வானிலை காரணமாக மறுத்தால், அதைச் சொல்லாமலே அடுத்த நிறுவனத்தை அழைப்பார்கள். அதுவும் மறுத்தால் மூன்றாவது. இதற்கு அங்கே 'ஹெலிகாப்டர் ஷாப்பிங்' என்றே பெயர். நம் ஊரில் ஒரு டிரைவர் முடியாது என்றால் அடுத்த வண்டிக்குப் போன் போடுகிறோமே, அதேதான். மூன்றாவதாக அழைக்கப்பட்ட பைலட்டுக்கு முன்னால் இருவர் மறுத்தது தெரியாது. போட்டி நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ள விரும்பாது. ஆனால் அந்த நிறுவனங்களின் ஊழியர்கள் ஒரே வட்டாரச் சங்கத்தில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்திருந்தால், 'நாங்கள் இப்போதுதான் மறுத்தோம், பனி இறங்குகிறது' என்று பக்கத்துத் தளத்துக்குச் சொல்லிவிடலாம். வட்டாரச் சங்கம் எதற்கு என்று கேட்டால் இந்த ஒரு போன் போதும் என்போம். தேசியச் சங்கத்தின் தலைவருக்கு அந்த மலையிடுக்கின் பனி தெரியாது.

நடத்துவதில் உள்ள சிரமங்களுக்கு வருவோம். ஜும்ஆ முடிந்து அறிவித்தால் கூடிவிடும் நம் கூட்டம் போல அல்ல இது. 12 மணி நேர, 24 மணி நேர ஷிஃப்டில் இருப்பவர்கள். எந்தத் தேதி வைத்தாலும் பாதிப் பேர் பணியில் இருப்பார்கள், வந்தவர்களில் சிலர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள். ஒரே கூட்டத்தை இரண்டு தடவை, இரண்டு நேரத்தில் நடத்துவதும், வாக்கெடுப்பைக் கூட்டத்துக்கு வெளியே சில நாள் திறந்து வைப்பதும்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். நிர்வாகிகளும் அதே ஷிஃப்டுக்காரர்கள்தான், சம்பளம் கிடையாது. ஆகவே செயலாளர் ஒருவரை மட்டும் நம்பி நடத்தினால், அவர் வேலை மாறிப் போகும் நாளில் உறுப்பினர் பட்டியலும் அவரோடு போய்விடும்.

பணம் இன்னொரு சங்கடம். உறுப்பினர் சந்தா சிறியது. பெரிய வரவு ஆண்டு மாநாட்டில் கடை போடும் நிறுவனங்களிடமிருந்து வருகிறது. அமெரிக்க மாநாட்டு மண்டபங்களில் முழு ஹெலிகாப்டரையே கொண்டுவந்து நிறுத்தி வைப்பார்கள். தவறில்லை, புதிய கருவிகளைத் தொட்டுப் பார்ப்பதும் கல்விதான். ஆனால் அதே நிறுவனத்தின் பாதுகாப்புக் குறையை அடுத்த மாதம் சங்கம் பேச வேண்டி வந்தால் நாக்கு தடுமாறக் கூடாது. அன்றாடச் செலவுக்குச் சந்தா, மாநாட்டுக்கு மட்டும் கடை வாடகை என்று கணக்கைப் பிரித்து வைப்பதே சரி என்பது எங்கள் கருத்து. அறக்கட்டளை நடத்துபவர்களுக்கு இது புதிதல்ல. ஸகாத் பணத்தையும் பொது நன்கொடையையும் ஒரே பெட்டியில் போடுவதில்லையே. அமெரிக்கச் சட்டமும் உறுப்பினர் நலனுக்கான தொழில்முறைச் சங்கத்தையும் தர்ம நிறுவனத்தையும் வெவ்வேறாகவே வைத்திருக்கிறது. உதவித்தொகை, இறந்தவர் குடும்ப உதவி ஆகியவற்றுக்கு வரிச்சலுகையுடன் நன்கொடை வாங்க விரும்பும் சங்கம் பெரும்பாலும் தனியாக ஓர் அறக்கட்டளை வைத்துக்கொள்கிறது.

குடும்ப உதவி என்றதும் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பணியில் உயிரிழக்கும் போலீஸார், தீயணைப்பு வீரர்களின் குடும்பங்களுக்கு நிதி தரும் சட்டம் அமெரிக்காவில் 1976 முதல் இருக்கிறது. லாப நோக்கமற்ற ஆம்புலன்ஸ் சேவைகளின் ஊழியர்கள் அதற்குள் வந்தது 2013 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தால்தான். அப்போதும் லாப நோக்குள்ள தனியார் நிறுவனங்களின் ஊழியர்கள் வெளியே நின்றார்கள். ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ்களில் பெரும்பகுதி அத்தகைய நிறுவனங்களுடையது. ஒரே விபத்துக்கு விரைந்த தீயணைப்பு வீரரும் விமான செவிலியரும் ஒரே இரவில் இறந்தால், இரண்டு வீடுகளுக்கும் இரண்டு நியாயம். பணி நேரத்திலும் இதே ஓரவஞ்சனைதான். பைலட்டுக்குக் கட்டாய ஓய்வைச் சட்டம் விதிக்கிறது. அவர் முதுகுக்குப் பின்னால் நோயாளிக்கு மருந்தளவு கணக்கிடும் செவிலியரையும் பாராமெடிக்கையும் விமானச் சட்டம் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கட்டண விவகாரத்தில் மட்டும் ஊழியர் சங்கங்கள் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம். 2017இல் அங்கே ஒரு ஹெலிகாப்டர் பயணத்துக்கு விதிக்கப்பட்ட கட்டணத்தின் இடைநிலை சுமார் 36,400 டாலர் என்று அரசின் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. மயக்கத்தில் ஏற்றப்பட்டவர் வீடு திரும்பிய பிறகு அந்தப் பில் வரும். இன்சூரன்ஸ் தராத மீதியை நோயாளியின் தலையில் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டணத்தை நிர்ணயிப்பது செவிலியரோ பைலட்டோ அல்ல. ஆனால் ஊர் மக்களின் கோபத்தைச் சந்திப்பது அவர்கள் முகம்தான்.

இந்தியாவில் ஏர் ஆம்புலன்ஸ் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்கும் சிறு விமானம். விமானத்துக்கு டிஜிசிஏ அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்று, மருத்துவக் குழுவை அனுப்பும் மருத்துவமனை வேறொன்று, இரண்டையும் இணைத்துப் பேரம் பேசும் ஏஜென்ட் மூன்றாமவர். மூவருக்கும் நடுவில் ஊழியர் யாருடைய ஆள் என்பதே தெளிவாக இருப்பதில்லை. 2011 மே 25 இரவு, பாட்னாவிலிருந்து டெல்லிக்கு நோயாளியைக் கொண்டுவந்த சிறு விமானம் ஃபரிதாபாத்தில் வீடுகள் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த ஏழு பேரும் தரையில் மூவரும் இறந்தார்கள். அந்த ஏழு பேரில் இருவர் டாக்டர்கள், ஒருவர் செவிலியர். நம் மஹல்லாக்களிலிருந்து நர்சிங்கும் பாராமெடிக்கல் படிப்பும் முடித்து இத்துறைக்கும் வளைகுடாவுக்கும் போகும் பிள்ளைகள், வேலைக்குச் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இதிலிருந்தே எழுகின்றன. நான் யாருடைய ஊழியர்? பயணத்தை மறுக்க எனக்கு எழுத்தில் உரிமை உண்டா? எனக்கு ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் தொகை யார் பெயரில், எவ்வளவு?

வெளிநாட்டிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ நோயாளியைக் கொண்டுவர ஏற்பாடு செய்யும் குடும்பத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். விமானம் இன்று கிளம்பாது என்று சொன்னால் காரணத்தைக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. வேறு ஏஜென்ட்டை அழைப்பதாக இருந்தால், முதலில் ஒருவர் மறுத்ததையும் அவர் சொன்ன காரணத்தையும் அவரிடம் மறைக்காதீர்கள். ஏறப்போவது உங்கள் வீட்டு நோயாளியும்தான்.

மாவட்ட அமைப்பு பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. அதுவரை காத்திராமல், நம் அறக்கட்டளையின் வண்டிகளில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஓட்டுநரோ உடன் செல்லும் உதவியாளரோ ஒரு பயணத்தை மறுத்தால் தேதி, நேரம், காரணம் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதினால் போதும். அதற்காக யாரும் அவரைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள் என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. பக்கத்து ஊர்களில் ஆம்புலன்ஸ் நடத்தும் ஜமாஅத்துகள் இதே போல் ஒரு நோட்டு வைக்க முன்வந்தால், இன்ஷா அல்லாஹ், மாதம் ஒருமுறை எல்லா நோட்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கலாம். ஓட்டுநர்களுக்குத் தோதான நேரத்தை அவர்களிடமே கேட்டு முடிவு செய்வோம்.