மழலையும் மரபணுவும் – 9: கூண்டில் நின்ற தாய்

இந்த வாரம் ஒரு பழைய பழியிலிருந்து தொடங்குகிறேன்.

1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கன்னர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். இன்று நாம் ஆட்டிசம் என்று சொல்வதன் முதல் விரிவான சித்திரங்களில் ஒன்று அது. இது பிறவியிலேயே வருவது என்றுதான் கன்னர் கட்டுரையை முடித்திருந்தார். கூடவே, இந்தப் பெற்றோரில் பாசமானவர்கள் மிகக் குறைவு என்றும் குறிப்பிட்டுவிட்டார். பற்றிக்கொண்டது அதுதான். பிள்ளை பேசாமல் போனதற்குத் தாயின் பாசமின்மையே காரணம் என்று மருத்துவர்களே சொல்லத் தொடங்கினார்கள். ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்று பெயரும் வைத்தார்கள். சிகாகோவில் சிறப்புப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், 1967-ல் வெளிவந்த தன் நூலில் இக்குழந்தைகளை நாஜி முகாம் கைதிகளோடு ஒப்பிட்டார். அப்படியானால் காவலாளி யார்? பெற்றவள்தான்! இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறுகிறது.

அந்தப் பழியை ஆட்டம் காண வைத்தது ஓர் எளிய கணக்கு. சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பிரிட்டன் முழுக்கத் தேடி 21 இரட்டையர் ஜோடிகளைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பிள்ளைக்காவது ஆட்டிசம். இரட்டையருக்குத் தாய் ஒருத்தி, வீடும் ஒன்று. வளர்ப்புதான் காரணம் என்றால், இரட்டையர் எந்த வகையானாலும் விளைவு ஒரே மாதிரி இருக்க வேண்டும். இருக்கவில்லை. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருமுட்டைகளில் உருவான 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. 1977-ல் முடிவு வெளியானது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் அந்தப் பக்கமே கைகாட்டின.

மீதி 7 ஜோடிகளையும் மறந்துவிடக் கூடாது. மரபணு ஒன்றாக இருந்தும் ஒரு பிள்ளைக்கு மட்டுமே ஆட்டிசம். பிறக்கும்போது மூளையைப் பாதிக்கக்கூடிய சிக்கல் ஏதும் நேர்ந்ததா என்றும் அவர்கள் துருவிப் பார்த்தார்கள். ஒருவருக்கு மட்டும் ஆட்டிசம் இருந்த 17 ஜோடிகளில் 12-ல் அப்படியொரு தடயம் கிடைத்தது. மரபணு தலையெழுத்து அல்ல.

தாயின் மடியிலிருந்து இறங்கிய பழி, நம் வீடுகளில் இப்போது வம்சத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. “உங்க பக்கத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா?” என்று மருமகளிடம் கேட்கிறார்கள். ரெட் சிண்ட்ரோம் உள்ள பெண் குழந்தையைப் பாருங்கள். ஓராண்டு போல இயல்பாக வளர்ந்தவள், மெல்லப் பேச்சை இழந்து, துணி பிழிவதுபோல் கைகளைப் பிசைந்துகொண்டே இருப்பாள். ஹூடா சோக்பியின் குழு 1999-ல் அதற்கான மரபணுவைக் கண்டறிந்தது. பெரும்பாலும் அந்தப் பிழை பெற்றோர் இருவரிடமும் இருக்காது; அந்தக் குழந்தையிடம் புதிதாகத் தோன்றியது. ஆட்டிசத்திலும் ஒரு பகுதி இப்படித்தான். பரம்பரையாக வருவதோ, பெரும்பாலும் இரு பக்கத்திலிருந்தும் சிறுகச் சிறுகச் சேர்வது.

1969-ல் வாஷிங்டனில் பெற்றோர் கூட்டமொன்றில், முதியவரான கன்னரே அவர்களைப் பழியிலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். அரங்கம் எழுந்து நின்றது.

குடும்ப வரலாற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சைக்கு அது வேண்டும். அதே கேள்வியை வீட்டுக் கூடத்தில் வைத்து அந்தத் தாயிடம் கேட்காதீர்கள்.

(தொடரும்)