நடுகல் படங்களுக்குப் பின்னால் ஒலிக்கும் பம்பை

தர்மபுரி மாவட்டத்தில் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை. ஆநிரை மீட்கும் பூசலில் விழுந்தவர்களும் புலியோடு மோதி மாண்டவர்களும் கல்லில் நிற்கிறார்கள். நகரிலுள்ள அரசு அருங்காட்சியகத்திலும் பல கற்கள் உண்டு. பள்ளி ஆண்டு விழாவில் இவற்றைப் பவர்பாயிண்டில் முப்பது படங்களாக்கி, பம்பை மேளம் ஒலிக்கக் காட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்வார்கள். முதல் படத்தில் கணீரென்று கேட்ட ஒலி, இரண்டாவது படம் வந்ததும் நின்றுவிடும்.

குறை ஒலிக்கோப்பில் இல்லை. 1987இல் மேக்கின்டாஷ் கணினிக்காக முதலில் வெளிவந்த பவர்பாயிண்ட், ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் தாள்களைத் தயாரிக்கவே பயன்பட்டது. ஒலி பின்னால் வந்து சேர்ந்தது. எந்த ஸ்லைடில் வைத்தோமோ அதற்கே அது சொந்தம். ஸ்லைடு நகர்ந்தால் ஒலியும் போய்விடும். இந்தக் கட்டை நாம்தான் அவிழ்க்க வேண்டும்.

பவர்பாயிண்ட் 2013 முதலான பதிப்புகளில் அதற்கு ஒரே பொத்தான் போதும். முதல் ஸ்லைடில் ‘இன்சர்ட்’ வழியாக ஆடியோவைச் சேர்த்தால் சிறிய ஸ்பீக்கர் படம் ஒன்று தோன்றும். அதைத் தொட்டு, மேலே ‘பிளேபேக்’ பகுதியில் ‘பிளே இன் பேக்கிரவுண்ட்’ என்பதை அழுத்துங்கள். ஒலி தானாகத் தொடங்கும், ஸ்லைடுகளைத் தாண்டி ஓடும், முடிந்தால் மறுபடி தொடங்கும், ஸ்பீக்கர் படமும் திரையில் மறைந்துவிடும். அனிமேஷன் பட்டியலில் எட்டிப் பார்த்தால் ‘999 ஸ்லைடுகளுக்குப் பிறகு நிறுத்து’ என்றிருக்கும். பத்தாவது படத்தில் ஆசிரியர் பேச வேண்டுமானால் அங்கே 9 என்று மாற்றினால் போதும். ஒலி அவருக்கு வழிவிடும்.

லினக்ஸ் கணினியில் லிபர்ஆஃபிஸ் இம்ப்ரெஸ் வைத்திருப்பவர்கள் ‘ஸ்லைடு டிரான்சிஷன்’ பலகையில் ஒலியைத் தேர்ந்து, ‘அடுத்த ஒலி வரும்வரை’ சுழலவிடும் குறியை இடலாம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு தடங்கல் மிச்சமிருக்கும்: ஒலி முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஒரு கணம் வெற்றிடம். எம்பி3 கோப்பு ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாகப் பொதிகிறது. நொடிக்கு 44,100 மாதிரி என்றால் ஒரு துண்டு சுமார் 26 மில்லிநொடி. கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் மிச்சத்தை மௌனத்தால் அடைக்கும். தொடக்கத்திலும் சிறு மௌனம் சேரும். பேச்சில் இது காதுக்கே எட்டாது. பம்பைக்கு அப்படியல்ல, தாளம் தடுக்கி விழும். நாகசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர், கன்னத்தில் அடக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சிழுத்து ஒலி அறாமல் காக்கிறார். நமக்கும் அப்படியொரு ஏற்பாடு தேவை.

சுழற்சியை நம்பாமல், காட்சியைவிட நீளமான ஒரே கோப்பைச் செய்துகொள்வதே என் பரிந்துரை. படத்துக்கு 8 நொடி என்றால் முப்பது படங்களுக்கு 4 நிமிடம். 5 நிமிட ஒலி தாராளம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவுகளை ஒட்டலாம். புல்லாங்குழல் போன்ற இழுவையான ஒலியென்றால் முதல் பதிவின் வாலைத் தேயவிட்டு, இரண்டாவதன் தலையை அதன்மேல் மெல்ல ஏற்றலாம். பம்பையில் அது உதவாது: இரண்டு தாளம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, அடி விழும் முனைக்குச் சற்று முன்பாகவே வெட்டி, அடுத்த அடியோடு சேர்க்க வேண்டும். வேலைக்கு வேவ் கோப்பே நல்லது. நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். முடிந்தபின் எம்பி3 ஆக்கிக்கொள்ளலாம்.

பம்பைக்கு இணையத்தில் அலைய வேண்டாம். ஊர்த் திருவிழாவுக்கு அடிக்க வரும் கலைஞர்களிடம் அனுமதி கேட்டு, உரிய தொகை கொடுத்துப் பதிவுசெய்யுங்கள். உரிமைச் சிக்கல் எழாது. அந்த மண்ணின் கல்லுக்கு அந்த மண்ணின் அடியே பொருந்தும்.

அரங்கில் எச்டிஎம்ஐ கம்பியைச் செருகியதும் ஒலி பெரும்பாலும் புரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கருக்குத் தாவிவிடும். கூட்டம் வருமுன், திரையின் மூலையில் கடிகாரத்தருகே உள்ள ஸ்பீக்கர் குறியைத் தொட்டு, ஒலி மேடைப் பெருக்கிக்குப் போகும் வழியைத் தேர்ந்துவிடுங்கள்.